நீலப் புள்ளியின் சாட்சி

ரேடியோ தன் பதினைந்து வயதுக்குள் வாய் திறந்து ஒரு பொய் சொன்னதில்லை. இதை அவள் அப்பா யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வார். அந்தத் தலைக்கும் ஒன்றும் ஆகாது. அவள் சொன்ன ஒரே பெரிய பொய்யை வாயால் சொல்லவில்லை, தண்ணீர் டம்ளரில் ஊறவைத்துச் சொன்னாள்.

ரேடியோ என்பது பள்ளிக்கூடம் வைத்த பெயர். தினமும் காலையில் தலைமையாசிரியர் அறை மைக்கில் மூன்று நிமிடம் செய்தி வாசிப்பவள் அவள்தான். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் அவள் பள்ளிக்கே போனாள் என்றாலும் தப்பில்லை. குரல் கணீரென்று இருக்கும். முன்பற்கள் இரண்டுதான் இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.

பல் டாக்டர் கம்பி வேண்டாம், கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு கிளிப் இருக்கிறது, அதைப் போட்டுக் கழற்றலாம் என்றார். மொத்தம் இருபது செட், செட்டுக்கு இரண்டு வாரம். ஒவ்வொரு செட்டும் பல்லை மயிரிழை அளவு நகர்த்தும். அப்படி நகர்ந்த பல்லில்தான் அடுத்த செட் உட்காரும். சாப்பிடவும் பல் தேய்க்கவும் போக, நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் அது வாயில் இருந்தாக வேண்டும். இந்த வயசுப் பிள்ளைகளின் பேச்சை நம்பிப் பயனில்லை என்று தெரிந்த கம்பெனிக்காரன், கடைவாய்ப் பக்கம் ஒரு நீலப் புள்ளி வைத்திருந்தான். எச்சிலில் ஊற ஊறப் புள்ளி வெளுக்கும். போடாமல் ஏமாற்றினால் நீலமாகவே நின்று காட்டிக்கொடுக்கும்.

அப்பாவுக்கு அந்தப் புள்ளியை ரொம்பப் பிடித்துவிட்டது. அவருக்கு லாரி எடைமேடையில் வேலை. டிரைவர்கள் என்ன கதை அளந்தாலும் அவர் காதில் ஏறாது, திரையில் என்ன எண் வருகிறதோ அதுதான் எடை. ஞாயிறுதோறும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகளை ஜன்னலோரம் நிறுத்தி, புள்ளியைப் பார்த்துத் தலையாட்டுவார்.

முதல் செட்டை அவள் ஒழுங்காகத்தான் போட்டாள், பள்ளி விடுமுறை என்பதால். பள்ளி திறந்த அன்று கிளிப்போடு மைக் முன்னால் நின்று "செய்திச் சுருக்கம்" என்றாள். ஒலிபெருக்கி "தெய்தித் துருக்கம்" என்றது. பன்னிரண்டு வகுப்பறைகளும் சேர்ந்து சிரித்த சிரிப்பு மைதானம் தாண்டிக் கேட்டது. அவமானத்தில் அவளுக்குக் காது மடல் வரை கொதித்தது. கிளிப்பை அங்கேயே கழற்றி டப்பாவில் போட்டாள்.

செய்திக்கு மட்டும் கழற்றுவது என்றுதான் முதலில் இருந்தது. பிறகு செய்தி முடிந்து எதற்கு, சாப்பாடு வரை இருக்கட்டும் என்றாகி, சாப்பிட்ட பிறகு வாய் கொப்பளிக்கச் சோம்பலாகி, ஒரே வாரத்தில் கிளிப் டப்பாவுக்கே குடிபோய்விட்டது. வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போட்டாலும் வெளியே தெரியாது என்பதுதான் அந்தக் கிளிப்பின் விளம்பரமே. போடாவிட்டாலும் தெரியாது என்பதை ரேடியோ சொந்தமாகக் கண்டுபிடித்தாள்.

புள்ளி மட்டும் கல்லுப்பிள்ளையாராக நீலமாகவே இருந்தது. ஒரு நாள் கழுவப்போன செட்டை வெந்நீர் டம்ளரில் மறந்து வைத்துவிட்டுப் போனவள், சாயங்காலம் வந்து பார்த்தால் புள்ளி பாதி வெளுத்திருந்தது. எச்சிலாவது தண்ணீராவது, அதற்கு எல்லாம் ஒன்றுதான். அன்றிலிருந்து அவளுக்குப் பதில் டம்ளர் இருபத்திரண்டு மணி நேரமும் கிளிப் போட்டுக்கொண்டது.

இரண்டாவது செட் முடிந்து போனபோது டாக்டர் புள்ளிகளைப் பார்த்து அசந்துவிட்டார். தன் அனுபவத்தில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை என்றார், அது உண்மையும்கூட. அவளைக் காத்திருப்பு அறைக்கு அழைத்துவந்து, அங்கே முகத்தைத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகளுக்கு ஒழுக்கம் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னார். ரேடியோவிடம் மைக் இல்லாமலே பேசச் சொன்னால் விடுவாளா? பேசினாள். எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் பாருங்கள், கொஞ்ச நாளில் நாக்கு இப்படிப் பழகிவிடும் என்று டாக்டர் பெற்றோர்களிடம் சொன்னார். அவள் செட் அந்த நேரம் உள்ளே தட்டில் கிடந்தது யாருக்கும் தோன்றவில்லை. அவள் சிரிக்கும் படம் பெரிதாக அச்சாகிச் சுவரில் ஏறியது.

மூன்றாவதையும் நான்காவதையும் அவள் வாயில் வைத்தே பார்க்கவில்லை. ஐந்தாவதை டாக்டர் தன் கையால் மாட்டிப் பார்த்தார். அது உட்காரவில்லை, அழுத்தியும் முன்பல்லில் துருத்திக்கொண்டு நின்றது. நான்காவது செட்டின் புள்ளியைப் பார்த்தார், துடைத்துவிட்டதுபோல வெளுப்பு. சுவரிலிருக்கும் பிள்ளை தப்புச் செய்திருக்க முடியாது. அப்படியானால் பெட்டி மாறியிருக்கிறது. நோயாளிகளின் செட்டுகளைப் பிரித்து அடுக்குவது உதவிக்கு இருந்த பெண். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான், ஏற்கெனவே ஒருமுறை எக்ஸ்ரே உறையை மாற்றி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தக் காலத்தில் யாருக்குமே வேலையில் கவனம் இல்லை என்று அப்பா ஆமோதித்தார்.

அந்தப் பெண் நான்காவது செட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரேடியோவை ஒருமுறை பார்த்தாள். செட்டை டப்பாவில் வைத்து மூடி அவளிடமே கொடுத்தாள்.

அந்தப் பார்வை ரேடியோவோடு வீடு வரை வந்தது. நான்கு செட்டுகளையும் ஜன்னலில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். போட்ட முதல் செட் மங்கி, கடித்த தடமும் கீறலுமாக இருந்தது. மற்ற மூன்றும் ஏறக்குறைய வாங்கிய மேனிக்குப் பளபளவென்று இருந்தன. டாக்டரிடம் உதவிக்கு இருக்கும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. சொன்னால் படம் போகும், டாக்டர் முகம் மாறும், எல்லாவற்றுக்கும் மேலாக அப்பா. சொல்லாவிட்டால் ஒரு வேலை போகும். இரண்டு நாள் இப்படியே தள்ளிப்போட்டாள்.

மூன்றாம் நாள், புதிய செட்டுகளுக்காகப் பல் அச்செடுக்க அப்பாவோடு போனாள். கிளம்பும் முன் இரண்டாவது செட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி ஏற்றியிருந்தாள். கண்ணில் நீர் வரும்படி வலித்தது. டாக்டர் நாற்காலியைச் சாய்க்கப் போனபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா மேல தப்பு இல்ல. நான்தான் போடல. தண்ணில ஊற வெத்தேன்."

டாக்டருக்குப் பாதி புரியவில்லை. அதைக் கழற்றிவிட்டுத் தெளிவாகச் சொல்லச் சொன்னார்.

"இல்ல டாக்டர். போட்டுக்கிட்டே தொல்றேன்."

முழுவதையும் சொன்னாள். மைக்கையும், டம்ளரையும், காத்திருப்பு அறையில் பேசிய பேச்சையும். ஒரு சொல் விடாமல் மழலையில் சொன்னதால், அழுவது தவிர எல்லாமே வேடிக்கையாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் உதவிப் பெண் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும் சார். போட்ட கிளிப்புல பல்லுத் தடம் இருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லயே சார். புள்ளியத்தான கேட்டீங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றுவதிலேயே கவனமாக இருந்தார். மாதக் கடைசி பற்றிய பேச்சு அதன் பிறகு எழவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "லாரிக்குள்ள கல்ல வெச்சு மறைச்சவனைக்கூட நான் புடிச்சிருக்கேன் கண்ணு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டாவது செட்டிலிருந்து எல்லாம் மறுபடி ஆரம்பம். திங்கட்கிழமை "தெய்தித் துருக்கம்" என்றாள், பள்ளியே சிரித்தது. செவ்வாயன்று பாதிப் பள்ளி சிரித்தது. வெள்ளிக்கிழமை சத்தமே இல்லை. பழகிவிட்டார்களா என்று பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் கேட்டாள். தோழி நோட்டிலிருந்து நிமிர்ந்து, "இன்னைக்குச் செய்தி வாசிச்சியா?" என்றாள்.

இந்த மூன்று நிமிடத்துக்காகவா இவ்வளவும் என்று ரேடியோவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

இரண்டு வாரம் கழித்து உதவிப் பெண் செட்டை வாங்கி, புள்ளியைப் பார்க்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளெல்லாம் கீறல், ஓரத்தில் கடித்த தடம். மூன்றாவது செட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ரேடியோ தயங்கித் தயங்கி, சுவரிலிருக்கும் அந்தப் படத்தை எடுத்துவிடக் கூடாதா என்று கேட்டாள்.

"இருந்துட்டுப் போகட்டும். அதப் பாத்துட்டு நாலு பசங்க ஒழுங்கா போடுறாங்க."

வெளியே காத்திருப்பு அறையில் ஓர் அம்மா தன் பையனிடம் படத்தைக் காட்டி, அந்தக் கண்ணியமான பிள்ளையைப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரேடியோ தலையைக் குனிந்துகொண்டு அவர்களைக் கடந்து போனாள். இன்னும் பதினெட்டு செட் பாக்கி இருந்தது.