எள்ளும் தண்ணியும் வாங்கின வெள்ளைக்காரப் பொடியன்

எங்கள் வீட்டு மேல்மாடி அறைக்கு ஒரு கோடையில் வாடகைக்கு வந்தவர் ஓர் அமெரிக்க அம்மா. எழுபது தாண்டியவர், கலியாணம் கட்டாதவர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். லண்டனில் நின்று தன் பரம்பரையைத் தேடப் போவதாகச் சொன்னார். நாங்கள் இருக்கிற மனோர் பார்க்கில் தேடினால் யாழ்ப்பாணத்தாரின் பரம்பரைதான் அகப்படும் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்றவன். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் அடித்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. வீட்டில் இருந்து மனிசிக்கு இடைஞ்சல் கொடுப்பதுதான் இப்போது முழுநேர வேலை. ஆகவே, ஆவணக் காப்பகத்தில் அந்த அம்மா நாள் முழுக்கத் தோண்டி எடுத்ததைப் பின்னேரம் சமையலறையில் இருந்து கேட்பதற்கு நான்தான் ஆள். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் அது என் ஆங்கிலம். நன்றாக இருந்தால் அதுவும் என் ஆங்கிலம்தான்.

அவருடைய முன்னோர் ஸ்கொட்லாந்துக்காரர். அங்கிருந்து அயர்லாந்தின் வடக்கே போய்க் குடியேறி லினன் துணி நெய்தவர்கள். காணிக்காரன் குத்தகையை ஏற்றிக்கொண்டே போக, கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார்கள். அப்போது அமெரிக்கா இங்கிலாந்து ராசாவின் கையில் இருந்தது. பென்சில்வேனியாவில் காடு வெட்டி வீடு கட்டினார்கள்.

"ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்கா," என்று விரல் மடித்தேன். "நான் யாழ்ப்பாணம், வன்னி, லண்டன். உங்கட ஆக்களும் அசைலம் கேஸ்தான், அம்மா."

"ஓம். அரசாங்கத்தின்ர பெனிபிட் காசுதான் கிடைக்கேல்லை," என்றார்.

அவரைத் தின்றுகொண்டிருந்தது ஒரு பொடியன். அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அயர்லாந்தில் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு இருக்கிறது. அமெரிக்காவில் தகப்பன் கண்மூடும்போது குதிரையையும் இரும்புப் பானையையும்கூடப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்குள் இவன் இல்லை. கப்பல் புறப்பட்டபோது ஒன்பது வயது இருக்கும். கடலில் செத்தானா, கரையில் விட்டுவிட்டுப் போனார்களா, ஏறாமல் ஓடினானா, ஒரு சொல்லும் இல்லை.

"எங்கட குடும்பத்தில நான்தான் கடைசி," என்றார். "நான் கண்டுபிடிக்காட்டி, இனி ஒருத்தரும் அவனைத் தேடப் போறதில்லை."

அறைச் சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டியிருந்தார். மரம் தலைகீழாகத் தொங்கியதுபோல் பரம்பரை முழுக்க அதில் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கீழே பிறந்த ஆண்டு, ஒரு சின்னக் கோடு, செத்த ஆண்டு. பொடியனுக்கு மட்டும் கோட்டுக்குப் பிறகு வெறும் தாள்.

"ஏதாவதொரு ஆண்டைப் போட்டுவிடுங்கோவன்," என்றேன். "முந்நூறு வருசத்துக்குப் பிறகு வந்து கோர்ட்டுக்கு இழுக்கவே போறான்?"

வழக்கமாக என் பகிடிக்கு மரியாதைக்காவது சிரிப்பவர். அன்று சிரிக்கவில்லை.

"தெரியாமல் எழுதினா, நானே அவனைச் சாகடிச்சமாதிரி."

என் அண்ணையும் அப்படித்தான். சண்டைக் காலத்தில் சைக்கிளுக்கு ரியூப் வாங்கச் சந்திக்குப் போனவன். சைக்கிளும் வரவில்லை, அவனும் வரவில்லை. அவனுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. என் அம்மா விடவில்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அதை மாற்ற எனக்குத் துணிவு வரவில்லை. அன்று இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு இருந்தார், ஆறுதல் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

அதற்குப் பிறகு அந்தப் பொடியன் கீழே இறங்கி வரத் தொடங்கினான்.

மனிசி வேலைக்கும் அந்த அம்மா காப்பகத்துக்கும் போன பிறகு, நல்ல வெயில் நேரத்தில், படிக்கட்டில் ஒரு கால் வைக்கிற சத்தம் கேட்கும். அடுத்த கால் வைக்கிற சத்தம் வராது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அந்த இரண்டாவது காலுக்காகக் காத்திருப்பேன், தேத்தண்ணி ஆறிப்போகும். ஒருநாள் பஸ் தரிப்பில், தனக்குப் பெரிய கோட்டுப் போட்ட ஒரு பிள்ளை தனியே நின்றது. பஸ் வந்து மறைத்துவிட்டுப் போனபோது அங்கே ஒருவரும் இல்லை. பொடியனின் முகம் எனக்குத் தெரியாதுதானே. அதனால் தெரிந்த முகம் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அண்ணையின் விரிந்த காது இரண்டும் அப்படியே இருந்தன.

மனிசியிடம் சொன்னேன்.

"வீடு பழசு. பலகை சத்தம் போடும்," என்றாள். "நீங்களும் பழசு. நீங்களும் போடுறியள்."

ஆடி அமாவாசை வந்தது. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருந்து பிதிர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். முருகன் கோயில் மண்டபத்தில் வரிசையாக இருந்தோம். என் விரலில் தர்ப்பை மோதிரம், வயிற்றில் ஒன்றும் இல்லை. ஐயர் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். அப்பாவின் பெயர் சொன்னேன், அப்பப்பாவின் பெயர் சொன்னேன். பூட்டனுக்கு எனக்குத் தெரிந்தது பட்டப்பெயர் மட்டும். அதைச் சொன்னால் மந்திரம் கெட்டுவிடும் என்று விட்டேன்.

"வேற ஆருக்கும் குடுக்கோணுமே?" என்று கேட்டார்.

ஒவ்வொரு வருசமும் இந்தக் கேள்விக்கு "இல்லை ஐயா" என்பேன். அந்த முறை அண்ணையின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் அம்மாவின் முகம் குறுக்கே வந்தது. திறந்த வாயை மூட முடியவில்லை. வெளியே வந்தது அந்தப் பொடியனின் பெயர்.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "ஆர் இது?"

"பிள்ளை ஒண்டு ஐயா. காணாமல் போனது."

"கோத்திரம்?"

"தெரியாது. துணி நெய்த ஆக்கள்."

"சரி, சிவகோத்திரம் எண்டு சொல்லுவம்."

ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை சிவகோத்திரத்துக்குப் போனது அப்படித்தான். நான் எள்ளோடு தண்ணீரை விரலுக்குள்ளால் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்து, படைத்த சோற்றையும் வடையையும் காகத்துக்கென்று பின்வேலியில் வைத்துக் "கா கா" என்று கத்தினேன். கடற்பறவை ஒன்று இறங்கி வடையைத் தூக்கிக்கொண்டு போனது. சாப்பிட உட்கார்ந்து, அந்த நாளுக்கென்றே சமைக்கிற காத்தோட்டிக்காய்க் கறியை வாயில் வைத்தேன். கசப்பென்றால் அதுதான் கசப்பு. அப்போது அந்த அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து முன்னால் இருந்தார்.

"அவன் கடலில சாகேல்லை," என்றார். "தாய் தகப்பன் அப்பிடி நினைக்கேல்லை."

"என்னெண்டு தெரியும்?"

"பிள்ளை ஒண்டு செத்தா, அடுத்துப் பிறக்கிறதுக்கு அதே பேரை வைக்கிறது அவையின்ர வழக்கம். இவனுக்கு வச்சது அப்பப்பாவின்ர பேர். குடும்பத்தில அது இருக்கவே வேணும். அமெரிக்காவில பிறகு ரெண்டு பெடியள் பிறந்திருக்கிறாங்கள். ரெண்டு பேருக்கும் அந்தப் பேரை வைக்கேல்லை. அவனுக்கெண்டு வச்சிருந்திருக்கினம்."

நான் சோற்றைத் தள்ளிவைத்தேன்.

என் மகன் பிறந்தபோது அண்ணையின் பெயரை வைக்கப் போகிறேன் என்று ஊருக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் என் அம்மா கேட்டார்: "அவன் வந்து நிண்டா, ரெண்டு பேரையும் என்னெண்டு கூப்பிடுறது?" போனை வைத்துவிட்டார். மகனுக்கு வேறு பெயர் வைத்தோம்.

"அம்மா," என்றேன் முன்னால் இருந்தவரிடம், "நான் இண்டைக்குக் கோயில்ல அவனுக்கு எள்ளும் தண்ணியும் குடுத்துப்போட்டன்."

அது யாருக்குக் கொடுப்பது என்று விளங்கப்படுத்தினேன். கேட்டு முடிந்ததும் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"உங்கட அண்ணைக்குக் குடுத்தனீங்களோ?"

"இல்லை."

"அவற்ற பேர் என்ன?"

சொன்னேன். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அந்தப் பெயரை உரத்துச் சொன்னேன். சமையலறைக்கு அது பெரிய சத்தமாக இருந்தது. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். சுவரில் இருந்த தாளில், பொடியனுக்குப் பக்கத்திலே, மரத்தின் எந்தக் கொப்போடும் ஒட்டாமல், பென்சிலால் அண்ணையின் பெயரை எழுதினார். பிறந்த ஆண்டு கேட்டு எழுதினார். கோடு போட்டார். கோட்டுக்குப் பிறகு ஒன்றும் எழுதாமல் பென்சிலை எடுத்துவிட்டார்.

இலையுதிர் காலத்தில் தாளைச் சுருட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அறை இப்போதும் காலி. ஆள் வைக்கச் சொல்லி மனிசி நச்சரிக்கிறாள். நானோ, படிக்கட்டு திருத்த வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு திருத்தாமல் இருக்கிறேன். பகலில் அந்த ஒற்றைக் காலடி இன்னும் கேட்கிறது. இருவரில் யார் என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த ஆடி அமாவாசைக்கும் அதே மண்டபம், அதே வரிசை.

"வேற ஆரும்?" என்றார் ஐயர்.

"இல்லை ஐயா."

"போன வருசம் ஒரு வெள்ளைக்காரப் பேர் சொன்னியள்?"

"அவன் செத்தது உறுதியில்லை, ஐயா."

ஐயர் எள்ளுக் கிண்ணத்தை எடுத்துப் பக்கத்தில் இருந்தவர் முன்னால் வைத்தார்.