பற்றறிக் காரின் படம்

பக்கத்து வீட்டு ஓட்டோவின் பற்றறியிலிருந்து நேற்றுக் காலை அமிலம் வழிந்துவிட்டது. மணம் எங்கள் குசினி வரைக்கும் வந்தது. வேறு யாராவது என்றால் யன்னலைச் சாத்தியிருப்பார்கள். நான் தேநீரும் கையுமாக மதிலோரம் போய் நின்றேன். மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சண்டைக்காலத்தில் என் சனிக்கிழமைகளின் மணம் இதுதான். துறைமுகத்துப் பின்பக்கக் கொட்டிலொன்றில், வெள்ளைக்காரன் விட்டுப்போன ரயில் கார் ஒன்று கிடந்தது. வேலையாட்களை ஏற்றிக்கொண்டு பற்றறியில் ஓடியதாம். திருத்தினால் நூதனசாலையில் காட்சிக்கு வைக்கலாம் என்று யாரோ ஒரு அதிகாரி சொல்ல, சம்பளமில்லாமல் மூன்று பேர் சேர்ந்தோம். வயர் வேலைக்குச் செபஸ்தியான் அண்ணை. மரவேலைக்கு மூதூரிலிருந்து கடல் தாண்டி லாஞ்சியில் வரும் யூசுப் காக்கா. கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த எனக்கு ஒரு கைத்தொழிலும் தெரியாது, துருச் சுரண்டினேன். ஷெல் விழுகிற ஊரில் பழைய கார் எதற்கு என்று கேட்காதீர்கள். நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

எனக்கிருந்த ஒரே பெருமை கையெழுத்து. சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் அண்ணை கீறித் தரும் வயர்ப் படத்தைப் பெரிய கடதாசியில் அழகாகக் கீறி வைப்பேன். வயருக்குச் சிவப்பு மை, பற்றறிக்கு நீலம்.

பற்றறி வைக்கும் பெட்டிகளை வீட்டிலேயே செய்து வருவதாக ஒருநாள் காக்கா சொன்னார். “நீளம் அகலத்த மட்டும் ஒரு துண்டில எழுதித் தாங்க தம்பி, காணும்.”

நான் துண்டில் எழுதவில்லை. ஆசையில் முழுப் படத்தையும் படியெடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இறங்குதுறைச் சோதனையில் ஆமிக்காரர்கள் அதை விரித்துப் பார்த்தார்கள். வயர், பற்றறி, அம்புக்குறி. அந்த நாட்களில் அப்படியொரு கடதாசிக்கு ஒரே அர்த்தம்தான்: குண்டு. திங்கட்கிழமை அவருடைய மனைவி கந்தோர் வாசலில் வந்து நின்றபோதுதான் ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது. “அவரு என்ன செஞ்சாரு தம்பி?” என்று கேட்டார். படம் என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணை என்னையும் இழுத்துக்கொண்டு ஆமி முகாமுக்குப் போனார். யார் கீறியது என்று அங்கே கேட்டார்கள். “நான்தான் சேர்” என்றுவிட்டார் அண்ணை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது காரின் படம்தான் என்றால் வெள்ளிக்கிழமை அந்தக் காரை ஓட்டிக் காட்டுங்கள், ஓடினால் ஆளை விடுகிறோம் என்றார்கள்.

கார் அதுவரை ஓடியதே இல்லை. அந்த நாட்களில் பற்றறி வாங்க ஆமியின் அனுமதி வேண்டும், அதுவும் கிடைத்திருக்கவில்லை. லொறிக்காரர்களிடம் கெஞ்சி எட்டுப் பற்றறி இரவல் வாங்கினோம்.

“ஓடாட்டி என்னண்ணை செய்யிறது?”

“கதைக்காமல் வயரைப் பிடி.”

வெள்ளிக்கிழமை வந்த இராணுவ அதிகாரியின் முன்னால் அண்ணை கைப்பிடியைத் திருப்பினார். சத்தமேயில்லாமல் கார் ஒரு பஸ்ஸின் நீளத்துக்கு நகர்ந்தது. பிறகு புகை கிளம்பி நின்றுவிட்டது. அதிகாரி தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். மறுநாள் காக்காவை விட்டார்கள்.

மூன்று கிழமை கழித்து அவர் வேலைக்கு வந்தார். ஒரு காது கேட்கவில்லை. அளவு குறிக்க நான் பென்சிலை எடுத்தேன். “எழுத வேணாம் தம்பி” என்று நூலில் முடிச்சுப் போட்டு அளந்துகொண்டார். மிச்சப் படங்களை அன்றைக்கே கொளுத்தினோம்.

நூதனசாலை வரவேயில்லை. சண்டை முடிந்தபின் காரைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கொட்டிலிருந்த இடம் வெறும் சீமெந்துத் தரை. மூதூர்ப் பாதையில் பாலங்கள் வந்துவிட்டதால், காக்கா இறந்தபோது மையத்து வீட்டுக்கு பஸ்ஸிலேயே போனேன். அன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் மனைவியிடம் போய் வாயைத் திறந்தேன்.

“தெரியும் தம்பி” என்றார். “ஆரு கீறினதெண்டு கேட்டுக் கேட்டுத்தான் அடிச்சவங்களாம். உங்கட பேர அவரு சொல்லல்ல.”