எண்ணூரில் ஊதாத சங்கு

எங்கள் ராயபுரத்தில் சேவல் கூவி யாரும் எழுந்ததில்லை. கம்பெனிச் சங்கு ஊதும், எழுந்துகொள்வோம். முதல் சங்குக்கு அடுப்பு பற்ற வைப்போம். அடுத்த சங்குக்கு ஆண்கள் தூக்குச் சட்டியோடு தெருவில் இறங்கியிருப்பார்கள். மதியச் சங்குக்குச் சோறு, சாயங்காலச் சங்குக்கு விளக்கு. அது ஊதுகிற கட்டடத்தை எங்களில் பாதிப் பேர் பார்த்ததுகூட இல்லை. ஆனால் மடியில் கிடக்கிற குழந்தையும் அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பும். தெருவில் ஒரு வீட்டிலும் கடிகாரம் கிடையாது. என்னத்துக்குக் கடிகாரம்?

அந்தச் சங்கு ஒரு நாள் எங்கள் காதுக்கு வராமல் போயிற்று. அதைத்தான் சொல்ல வருகிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கு உள்ளங்கால் குறுகுறுக்கிறது, எழுந்து ஓட வேண்டும் போல.

அப்போது நான் எங்கள் தெருப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும், கூட்டிக் கூட்டிப் படிப்பேன். அதனால் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. என் கையால் தைத்த ரவிக்கையைப் போடாத கல்யாணப்பெண் அந்த வட்டாரத்தில் கிடையாது. ஊசியைப் பிடிக்கத் தெரியாமல் வந்த பெண்களைப் பொத்தானுக்குக் காஜா எடுக்க வைத்து அனுப்பியவள் நான். காலையில் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டி வருவதும், சாயங்காலம் கொண்டுபோய் விடுவதும் என் வேலைதான். ‘தையல்காரம்மா வந்து கீது’ என்றால் கதவு திறக்கும். வேறு யாருக்கும் திறக்காது.

பெரிய டீச்சரம்மாதான் எங்களுக்குத் தலைவி. தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைச் சேலை, கறுப்புச் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. வந்த புதிதில் கையில் கடிகாரம் கட்டியிருந்தார். சங்கு பழகியதும் அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார். ‘உங்க ஊர்க்காரியாவே ஆயிட்டேன், பாத்தீங்களா’ என்று வெறும் கையைக் காட்டினார். அதில் அவருக்கு அத்தனை பெருமை.

சனிக்கிழமைகளில் தனியாக ரயிலேறி எண்ணூருக்குப் போய்விடுவார். ஒருமுறை நான் கேட்டேன், அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று.

“ஒண்ணும் இல்ல, தையலம்மா. அதுக்குத்தானே போறேன்.”

எனக்குப் புரியவில்லை. ஒன்றும் இல்லாத இடத்துக்கு ரயிலில் போகிறவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. வகுப்பிலும் அதையே சொல்வார். அந்த உப்பங்கழி ஓரத்தில் உட்கார்ந்தால் கொக்கு தண்ணீரில் கால் வைக்கிற சத்தம் கேட்கும் என்பார். துறைமுகத்து இரும்பும், ரயில் பெட்டி மோதுவதும், கட்டை வண்டியும் கேட்டே வளர்ந்த பெண்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். கடைசியில் ஒரு நாள், பிள்ளைகளையும் கூட்டிப் போவோமே என்றார்.

சொல்வது சுலபம். வீட்டில் கேட்க வேண்டியவள் நான். மீன்காரத் தெருவில் பிரச்சினை இல்லை. ‘எங்கனா கூட்டினு போ, வூட்ல இருந்தா சண்டதான்’ என்று சிரித்தார்கள். பாய் வீட்டில்தான் தகராறு. பாய்க்குத் தண்டையார்பேட்டைக் கால்வாய்க் கரையில் விறகுத் தொட்டி, படகில் வருகிற விறகை அடுக்கி விற்கிற இடம். மூத்த பெண்ணுக்குப் பதினொரு வயசு. வகுப்பில் அவளைப் போல் நுணுக்கமாகத் தைக்கிறவள் இல்லை. படிப்பு போதும் என்று பாய் ஏற்கெனவே சொல்லத் தொடங்கியிருந்தார். ஒரு சாக்குக் கிடைத்தால் நிறுத்திவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பாய் வீட்டம்மா கதவிடுக்கில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

“அவருக்குத் தெரியாம அனுப்பறேன், தையல்காரம்மா. சாயங்காலச் சங்கு ஊதறதுக்குள்ள அவ வூட்டாண்ட வந்துடணும். அவரு வர்றப்ப அவ அடுப்பாண்ட குந்திகினு இருக்கணும். இல்லாங்காட்டி அவ பள்ளிக்கூடம் அத்தோட முடிஞ்சிது.”

“என் பேச்சு என்னிக்காவது தவறி கீதா?” என்றேன்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. வானம் மூடிக்கிடந்தது, சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. ராயபுரம் ஸ்டேஷனில் ஏறினோம். தினமும் ரயில் சத்தத்தில் தூங்கி எழுந்த பெண்கள், ஒருத்தியும் அதற்குள் உட்கார்ந்ததில்லை. வண்டி நகர்ந்ததும் பாய் பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் முந்தானையை விட்டுவிட்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி, கண்ணை மூடிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

எண்ணூரில் இறங்கி மணலில் நடந்து கழி ஓரத்துக்குப் போனோம். நான் எதிர்பார்த்தது கடல். அங்கே இருந்ததோ அசையாத தண்ணீர். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளியைத் தட்டிப் பரப்பியது போல. தூரத்தில் உப்பு அம்பாரம். பெண்கள் கொஞ்ச நேரம் கத்தினார்கள், ஓடினார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சத்தம் அடங்கி நின்றுவிட்டார்கள். பாய் பெண் சுண்டுவிரலைக் காதில் விட்டுக் குடைந்தாள்.

“டீச்சர், எனக்குக் காது அடச்சிகிச்சி.”

“இல்லம்மா. காது இப்பதான் தொறந்திருக்கு,” என்றார் பெரிய டீச்சரம்மா.

நானும் கேட்டேன். தண்ணீர் கரையை நக்குகிற சத்தம். ஒரு நண்டு மணலைத் தள்ளுகிற சத்தம். என் வளையல் ஒன்றோடொன்று உரசுவதுகூட. அத்தனை வருஷம் அந்த வளையல் என் கையில் கிடந்தது, அது பேசும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்றும் இல்லாத இடத்தில் இவ்வளவு இருக்கிறதே என்று, பிள்ளைகளோடு பிள்ளையாக நானும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

மதியச் சங்கு ஊதியதும் சாப்பிடலாம், அப்புறம் சற்று இருந்துவிட்டு ரயிலுக்குப் போகலாம் என்று பேச்சு. புளிச்சோற்று மூட்டையை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்தோம், உட்கார்ந்துகொண்டே இருந்தோம். பசி எடுத்தது. சங்கு ஊதாமல் எப்படிச் சாப்பிடுவது? ஒருத்திக்கும் மூட்டையைப் பிரிக்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை, அத்தனை படித்த டீச்சரம்மாவுக்கும் தோன்றவில்லை.

மீன்காரத் தெருப் பெண் ஒருத்திதான் கேட்டாள். “டீச்சர், இன்னிக்கு சங்குக்கு லீவா?”

உப்பளத்திலிருந்து வந்த ஒரு ஆள் கூடையை இறக்கிவைத்து எங்களைப் பார்த்தார். “எந்த சங்கும்மா? காத்து வடக்கேர்ந்து அடிக்குது, உங்க ஊரு சங்கு இங்க எப்டி வரும்? உங்க ரயிலு அதோ போவுது பாரு.”

பார்த்தோம். தெற்கே புகை போய்க்கொண்டிருந்தது. அடுத்த வண்டி இருட்டிய பிறகுதான் என்றார் அவர்.

“கோடைல நான் வந்தப்பல்லாம் இங்க கேட்டுதே,” என்று பெரிய டீச்சரம்மா வெறும் மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாய் வீட்டுக் கதவிடுக்குதான் கண்ணில் நின்றது. பாய் பெண் மறுபடியும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் தெரியும்.

உப்பளத்துக்காரர்தான் வழி சொன்னார். கால்வாயில் விறகுப் படகு தெற்கே போகிறது, ஓடினால் பிடிக்கலாம். சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பெண்களை முன்னால் விரட்டிக்கொண்டு ஓடினோம். பெரிய டீச்சரம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சவுக்குக் கட்டை அடுக்கிய நீளப் படகு. படகுக்காரர் எங்களைப் பார்த்துக் கோலை ஊன்றி நிறுத்தினார்.

“இன்னாம்மா, பள்ளிக்கூடத்தையே தூக்கினு வந்துட்டீங்களா?”

ரயிலை விட்டதைச் சொன்னதும் ஏற்றிக்கொண்டார். கட்டை மேலே ஏறி உட்கார்ந்தோம். அவர் பாய்மரத் துணியை விரித்தார். வாடைக்காற்று அதில் வந்து விழுந்ததும் படகு எழும்பியது போல் ஓடத் தொடங்கியது. ரயிலைவிட அதுதான் எனக்குப் பிடித்தது. சத்தமே இல்லாமல் கரை பின்னால் போயிற்று. அங்கேதான் புளிச்சோற்றைப் பிரித்தோம். படகுக்காரருக்கும் ஒரு கை கொடுத்தோம். பெண்கள் கொக்கைக் கண்டால் அதைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

“இந்தக் கட்ட யாருக்குப் போவுது, நைனா?” என்று நான்தான் கேட்டேன், பேச்சுக்கு.

“தண்டார்பேட்ட பாய் தொட்டிக்கு. வேற யாருக்கு?”

பாய் பெண் என்னைப் பார்த்தாள். நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். யாருக்குத் தெரியக் கூடாதோ அவர் வாசலுக்கே அவர் படகில், அவர் விறகின் மேல் உட்கார்ந்துகொண்டு போகிறோம். படகுக்காரரிடமும் அதை மெல்லச் சொன்னேன்.

திருவொற்றியூர்ப் பக்கம் வந்தபோது சங்கு ஊதியது. சாயங்காலச் சங்கு. அத்தனை நாளும் விளக்கு விளக்கு என்று எனக்குக் கேட்ட சத்தம், அன்றைக்குப் பாய் வருகிறார், பாய் வருகிறார் என்று கேட்டது.

“இங்க எறக்கி வுடட்டா? நடந்தா பாய் கண்ல படாம பூடலாம்,” என்றார் படகுக்காரர்.

பெரிய டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார். “வாக்குக் குடுத்தது நீங்க. நீங்க சொல்லுங்க.”

நடந்தால் இருட்டிவிடும். அதற்குள் பாய் வீட்டுக்குப் போயிருப்பார். கதவுக்குப் பின்னால் அந்த அம்மா தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். எனக்குச் சுருக்கென்றது. ஒளிந்து இறங்குகிற பழக்கம் என் வம்சத்தில் கிடையாது.

“தொட்டிக்கே வுடு, நைனா. நானே சொல்லிக்கிறேன்,” என்றேன்.

கால்வாய்த் துறையில் பாய் நின்றுகொண்டிருந்தார். கைலி, வெள்ளைத் தொப்பி, கையில் குடை. கூலிக்காரர்கள்தான் முதலில் பார்த்தார்கள். ஒருவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினான். “பாய், இந்தத் தபா பச்சக் கட்டையா அனுப்பி கீறாங்க. உக்காந்துகினு சிரிக்குது பாரு.” எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நொடி பாய் தன் பெண்ணைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது.

நான் முதலில் இறங்கினேன். சேற்றில் கால் முட்டி வரைக்கும் போயிற்று. அப்படியே நின்றுகொண்டு சொன்னேன். “பாய், உங்க பொண்ண நான்தான் கூட்டினு போனேன். எண்ணூரு பாக்க. வூட்ல ஒரு வார்த்த கேக்காதீங்க, கேக்கறத என்னாண்ட கேளுங்க. சங்கு காதுல வுழல, ரயில வுட்டுட்டோம்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டை மேலிருந்த மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் முகமெல்லாம் உப்புக்காற்று, தலைமுடி கலைந்து நிற்கிறது. பயத்தில் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு அடக்க முடியவில்லை போலிருக்கிறது.

“வாப்பா, அங்க சங்கே இல்ல வாப்பா. கொக்கு நடந்தா கேக்குது.”

பாய் குடையைக் கக்கத்தில் இடுக்கினார். கையை நீட்டி அவளை இறக்கினார். பிறகுதான் என்னிடம் திரும்பினார்.

“ஒண்ணுமே கேக்காதா அங்க?”

“கேக்கும் பாய். என் வளையலு கேட்டுச்சி.”

அவர் கால்வாயின் வடக்குப் பக்கம் பார்த்தார். “எங்க வாப்பா காலத்துலேர்ந்து அந்தத் தெசைலேர்ந்துதான் கட்ட எறங்குது. நான் ஒரு தபா போனதில்ல,” என்றார். அவ்வளவுதான். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

திங்கட்கிழமை முதல் சங்கு ஊதியதும் எழுந்தேன். பாய் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். கதவைத் தட்டியதும் அந்த அம்மா திறந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இன்னா சொன்னாரு?” என்றேன் மெதுவாக.

“இன்னா சொல்வாரு? ரெண்டு நாளா அவள குந்த வச்சிகினு கேக்கறாரு. தண்ணி இன்னா கலரு, கொக்கு எந்தக் கால்ல நின்னுச்சின்னு. என்ன சோறு போடக்கூட வுட மாட்டேங்கறாரு.”

“பள்ளிக்கூடம்?”

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். மூத்தவள் சிலேட்டோடு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு எண்ணெய் தடவி, இறுகப் பின்னல் போட்டு, இளையவள்.

“இதயும் கூட்டினு போவச் சொன்னாரு. இனிமே ரயில வுடாத, தையல்காரம்மா,” என்றார் அந்த அம்மா. கதவைச் சாத்தும்போது சிரிப்பது கேட்டது.

கைக்கு ஒருத்தியாகப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பெரிய டீச்சரம்மா அதற்கப்புறமும் கடிகாரத்தை வெளியே எடுக்கவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். ‘நேரத்தை மறக்கத்தானே அங்க போறது, தையலம்மா’ என்றார். அவர் வேலை மாற்றலாகிப் போகும்வரை பிள்ளைகளோடு பல தடவை எண்ணூருக்குப் போனோம். ரயிலுக்கு நேரமானால் உப்பளத்துக்காரர் குரல் கொடுப்பார். எங்கே போனாலும், வீட்டு வேலைக்கு நடுவில்கூட, ஒரு நிமிஷம் கையை நிறுத்திக் காதைத் திறந்து வைக்கிற பழக்கத்தை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இப்போது எங்கள் தெருவுக்குச் சங்கு வருவதில்லை. அந்தக் கம்பெனி மூடிவிட்டது. வீட்டுக்கு வீடு கடிகாரம் இருக்கிறது, ஆளுக்கு ஒரு நேரம் சொல்கிறது. போன மாதம் தனியாக மின்சார ரயிலேறி எண்ணூருக்குப் போனேன். இந்த வயசில் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அங்கே ஒன்றும் இல்லை, அதற்குத்தான் என்றேன். கழி இருக்கிறது. கரையில் பெரிய பெரிய புகைபோக்கிகள் எழும்பிவிட்டன. ஒரு கொக்கு நின்றது. அது நடக்கிற சத்தம் கேட்குமா என்று காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஊதியது சங்கு. எண்ணூரில், என் முதுகுக்குப் பின்னால், அந்தப் புகைபோக்கிகள் பக்கமிருந்து, ராயபுரத்துச் சங்கைவிடப் பலமாக.

நான் சட்டென்று எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினேன். “கெளம்புங்கடி,” என்றேன். திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒருத்தியும் இல்லை. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.