செவ்வாய்க்கிழமை பேசாதவர்

அட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, நேராகத் தொங்குகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். ‘இன்று பேசமாட்டேன். கேட்பேன்.’ திருப்தியாக நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையில் முதலில் நிற்பவரைப் பார்த்து ‘ஆரம்பிக்கலாம்’ என்பதுபோல் கையை விரிக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குக் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவு இப்படித்தான் திறக்கிறது.

புகார் வாங்குவதுதான் அவர் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று ஊரே கத்தும். இந்தப் பக்கத்திலிருந்து இவர், “மேல அனுப்பியிருக்கோம்” என்பார். மேலே என்றால் முதல் மாடி. அங்கே போன தாள்கள் என்ன ஆயின என்று அவருக்கே தெரியாது. ஐம்பதாவது பிறந்தநாளன்று மகள், “ஒரு நாள் நீங்க ஆபீசுக்குப் போகலைன்னா யாருக்காவது தெரியுமாப்பா?” என்று சும்மா கேட்டுவைத்தாள். மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் ஆன்ம அமைதியைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

முதலில் தியான வகுப்பு. கண்ணை மூடிய இரண்டாவது நிமிடம் குறட்டை. “உங்க அமைதி மத்தவங்களுக்கு இடைஞ்சலா இருக்குங்க” என்று பயிற்சியாளர் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு புத்தகம், நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களைத் தினமும் எழுதச் சொன்னது. ‘மின்விசிறி’ என்று எழுதினார். வெகுநேரம் யோசித்து ‘மின்விசிறியின் ரெகுலேட்டர்’ என்று எழுதினார். மூன்றாவது வரவே இல்லை. அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் வாரம் ஒரு நாள் மௌனம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசாமல் இருக்கப்போவதாக மனைவியிடம் அறிவித்தார்.

“நல்லா இருக்கே! அப்புறம் நான் யாரோட சண்டை போடுறதாம்? அதெல்லாம் ஆபீஸ்ல வச்சுக்குங்க.”

அதை அவர் யோசனையாகவே எடுத்துக்கொண்டார்.

முதல் செவ்வாயன்று அகப்பட்டவர் ஒரு லாரி டிரைவர். “எங்க தெருக் குழாயில தண்ணி வருதா, காத்து வருதா?” என்று ஆரம்பித்தவர் நாலே நிமிடத்தில் தீர்ந்துபோனார். “எதுனா சொல்லுங்க சார். எதிர்ப்பேச்சு இல்லாம எப்படி சார் கத்துறது?” இவர் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்த டிரைவர் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “எங்க அண்ணன் என்னோட பேசி எட்டு மாசமாச்சு சார்” என்றார். அரைமணி நேரம் கழித்து எழுந்து போகும்போது, தண்ணீர் வந்துவிட்டவர்போல் போனார்.

பிறகு கூட்டம் சேராமல் இருக்குமா? குழாயில் ஒரு குறையும் இல்லாதவர்களெல்லாம் வரிசையில் நின்றார்கள். அவர் எதையும் தள்ளுபடி செய்யவில்லை. பதிவேட்டில் ‘புகாரின் தன்மை’ என்ற கட்டத்தில் முத்து முத்தாக எழுதினார்: ‘அண்ணன் பேசுவதில்லை.’ ‘கணவர் குறட்டை, தலையணை பலனளிக்கவில்லை.’ ‘மருமகள் நல்லவள், அதுதான் பிரச்சினை.’

மஞ்சள் தண்ணீர் என்று புகார் சொல்ல நான் போயிருந்த செவ்வாயன்றுதான் புதிதாக மாற்றலாகி வந்த பொறியாளர் அம்மா சோதனைக்கு இறங்கிவந்தார். பதிவேட்டைப் புரட்டியவரின் புருவங்கள் ஏறிக்கொண்டே போயின.

“இது தண்ணி ஆபீசா, இல்ல குடும்பப் பஞ்சாயத்தா?”

அன்று செவ்வாய்க்கிழமை. அவர் அட்டையைக் காட்டினார்.

“அதைக் கழட்டுங்க. இல்லைன்னா நாளையில இருந்து மீட்டர் கிடங்குக்குப் போயிடுங்க. அங்க ஆளே கிடையாது. வருஷம் பூரா மௌனமா இருக்கலாம்.”

பேசாதவர் முகம் சுண்டிப்போனது. ஒரு வருடத்துக்கு முன்பு சொல்லியிருந்தால் கிடங்குக்குச் சந்தோஷமாகப் போயிருப்பார். இப்போது முக்காலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பேசிவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, மூன்று இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டார். பொறியாளர் சத்தமாகப் படித்தார்.

“‘சுவர் வியர்க்கிறது, மனைவி என்னைக் குறை சொல்கிறாள்.’ ‘பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் வாசலிலேயே படுத்திருக்கிறது, குளிர்ச்சி என்று எழுந்திருக்க மறுக்கிறது.’ ‘தரைக்குள் யாரோ ரகசியம் பேசுகிறார்கள், மகன் டாக்டரிடம் போகச் சொல்கிறான்.’ என்னய்யா இது?”

அவர் ஒரு தாளில் மூன்று வீடுகளை வரைந்தார். மூன்றும் ஒரே தெருவில், அடுத்தடுத்து. அவற்றின் முன்னால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பொறியாளரின் குரல் சட்டென்று இறங்கியது.

“இது மெயின் லைன் ஆச்சே. இதுக்கு அந்தாண்டதானே ரெண்டு வருஷமா பிரஷரே இல்ல?”

“அந்தாண்ட எங்க தெருதாம்மா!” என்று வரிசையின் கடைசியிலிருந்து கத்தினார் லாரி டிரைவர்.

எல்லோருமாகக் கிளம்பினோம். முன்னால் பொறியாளர், பின்னால் பேசாதவர், அவருக்குப் பின்னால் குறட்டை, மருமகள், அண்ணன் என்று அத்தனை புகார்களும். பூனை கிடந்த வாசலுக்கு எதிரே அலுவலகத்து ஃபிட்டர் ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மேல்நுனியில் காதை வைத்தார். அவர் கண் விரிந்தது. “அம்மா, உள்ள அருவியே ஓடுதும்மா!”

“நான் சொன்னப்ப பைத்தியம்னியேடா!” என்று மூன்றாவது வீட்டு அம்மாள் தன் மகனின் தோளில் நாலு வைத்தார்.

பிற்பகலில் தரையைப் பிளந்து, வெடித்திருந்த குழாயைத் தொட்டதுதான் தாமதம், தண்ணீர் மாடி உயரத்துக்குப் பீறிட்டது. பூனை கூரைக்குப் போனது. டிரைவர், “அண்ணே! உன் வீட்டுக்கும் இனிமே தண்ணி வரும்ணே!” என்று போனில் அலறினார், மறுமுனையில் யாரோ பதில் சொல்வதும் கேட்டது. பொறியாளர் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு, “கிடங்குக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்” என்றார்.

“சார், இன்னைக்கு ஒரு நாளாவது வாயத் திறங்க சார்!” என்று கூட்டம் கூச்சலிட்டது.

சட்டையோடு சொட்டச் சொட்ட நின்றவர், பொங்கி வந்த சிரிப்பை வெளியே விடாமல் இரண்டு கைகளாலும் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க, அந்த மழைக்குள் குதித்துக்கொண்டிருந்தார்.