அழகம்மா திறக்காத வால்வு

அழகம்மா மலையகத்துக்காரி. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினாறு வயதில் கொழுந்துக்கூடை எடுத்தவள், முப்பத்திரண்டில் அதை இறக்கிவைத்துவிட்டு ஜீன்ஸ் துவைக்கும் தொழிற்சாலைக்குப் போனாள். துவைத்த நீலத் தண்ணீர் அங்கே ஒரு தொட்டியில் சேரும். பின்னேரம் நாலு மணிக்கு அதன் வால்வைத் திறந்து ஓடைக்கு விடுவது அவள் வேலை. சுத்திகரிக்கும் இயந்திரமும் இருந்தது; அது காகிதத்தில் மட்டும் ஒழுங்காக ஓடியது. ஓடை போய்ச் சேருவது அவள் குடியிருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு.

நான் யாழ்ப்பாணத்தான், அந்தத் தோட்டப் பாடசாலையில் ஆங்கில வாத்தியார். இரண்டாயிரத்து நாலு பங்குனியில், அந்த ஜீன்ஸை விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி தன் உடுப்பால் சுற்றாடல் எவ்வளவு கெடுகிறது என்று மதிப்பிட ஒரு பெண்மணியை அனுப்பியது. மொழிபெயர்க்க என்னைப் பிடித்தார்கள். ஒரு ஜீன்ஸுக்கு எத்தனை லீற்றர் தண்ணீர், என்ன சாயம், எவ்வளவு விறகு என்று காலையிலிருந்து கேட்டுத் துளைத்தாள். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அவள் ஏமாற்றுக்காரி இல்லை, உண்மையைத் தேடித்தான் வந்திருந்தாள்.

கடைசியில், பின்னேரம் நாலு மணி தாண்டி, ஓடைக்குப் போனோம். அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம், தண்ணீர் அவ்வளவு தெளிவு. பெண்மணி ஒரு போத்தலில் பிடித்து, திருப்தியோடு எழுதிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மனேஜர் சிரித்த முகமாக இருந்தார்.

மாரியம்மன் திருவிழாவுக்கு ஓடைத் தண்ணீர் நிறைத்துக் கரகம் பாலிக்க லயத்துப் பெண்கள் கரையில் கூடியிருந்தார்கள். அழகம்மாவும் அங்கே நின்றாள். போத்தலைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. என்னிடம் ஓடிவந்தாள்.

"மாஸ்டர், அந்தம்மா இந்தத் தண்ணியவா கொண்டு போறாங்க? ஆத்தாளுக்கு நீலத் தண்ணியில கரகம் எடுக்க முடியுங்களா? வருசா வருசம் இந்த ஒரு நாளைக்கு நான் வால்வ தெறக்க மாட்டேன். சூப்பவைசர் மாத்தயாவும் ஆத்தாளுக்கு நேர்த்தி வச்சவரு, கண்டுக்க மாட்டாரு. நாளைக்கு ரெண்டு நாள் தண்ணி ஒண்ணா எறங்கும். நாளைக்கு வரச் சொல்லுங்க."

அம்மனுக்காகத் திறக்காத வால்வு தொழிற்சாலைக்கு நற்சான்றிதழ் வாங்கிக் கொடுக்கப் போகிறது. 

"அழகம்மா, மனேஜருக்கு இங்கிலீசு விளங்கும். நான் சொன்னா உங்கட வேலை போயிடும்" என்றேன்.

"எம் மக நிலக்ஷி காலப் பாத்திருக்கீங்களா மாஸ்டர்? இந்த ஓடையில எறங்கி எறங்கி முட்டிக்குக் கீழ பூரா புண்ணு. லயத்துல எல்லாப் புள்ளைகளுக்கும் அப்படித்தான். நான்தானே தெறந்து விட்டேன். சொல்லுங்க."

  பெண்மணியிடம் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மனேஜரின் சிரிப்பு நின்றது. பெண்மணி போத்தலைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "நாளைக்கு வருகிறேன்" என்றாள். சொன்னபடி வந்தாள். அன்று ஓடையில் கல் தெரியவில்லை.

பத்து நாளில் அழகம்மாவை நிறுத்திவிட்டார்கள், ஆட்குறைப்பாம். அவள் மறுபடி கொழுந்துக்குப் போனாள். ஒரு வருடத்துக்குள் கம்பெனி வற்புறுத்திப் புதுச் சுத்திகரிப்புத் தொட்டி கட்ட வைத்தது. அறிக்கையின் பிரதியொன்று எனக்கும் வந்தது. லயத்துக்கு எடுத்துப்போய், அவளைப் பற்றிய வரியைத் தமிழில் வாசித்தேன்: "தொழிலாளி ஒருவர் தந்த தகவலின்படி மறுநாள் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது."

"எம் பேரு இல்லீங்களா?"

"பேர் போட்டா உங்கட வேலைக்கு ஆபத்து வரும் எண்டு விட்டிருக்கினம்."

அழகம்மா அந்த வரியில் விரலை வைத்தாள்.

"வேலதான் போயிருச்சே மாஸ்டர். இனிமே போடச் சொல்லுங்க."

கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அதனால் அவள் பேரை இங்கே நானே போட்டுவிட்டேன்.