சுண்ணாம்பு பூசிய பியர்

வாளியின் மூடியில் காதை ஒட்டவைத்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு குந்தியிருக்கிறார் றெஜினோல்ட். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சீருடை போட்டாயிற்று, கழுத்துப்பட்டியும் கட்டியாயிற்று. ஆனாலும் நிலவறையில் நொதிக்க வைத்திருக்கும் பியருக்குக் காது கொடுக்காமல் அவர் வேலைக்குப் புறப்படுவதில்லை.

"ஒரு சத்தத்தையும் காணேல்லை, ஞானம்."

"பியர் என்ன உங்களோட கதைக்குமோ? பஸ்ஸுக்குச் சனம் நிக்குது, வெளிக்கிடுங்கோ," என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார் மனைவி ஞானமலர்.

இத்தனைக்கும் காரணம் வீட்டின் பின்வளவில் நிற்கும் மேப்பிள் மரம். பனி விட்டும் விடாமலும் இருக்கும் மாசி மாதத்தில் அதன் தண்டில் துளையிட்டு, குழாய் செருகி, சொட்டும் நீரை வாளியில் பிடிப்பார். பார்வைக்குப் பச்சைத்தண்ணீர், நாக்கை நிரம்பக் கெஞ்சினால் கொஞ்சம் இனிக்கும். ஊர் உலகம் தண்ணீரில் பியர் காய்ச்ச, இவர் மரநீரில் காய்ச்சுவார். முளைவிட்ட பார்லியை ஊறவைப்பது, வடிப்பது, கசப்புக்கு ஹொப் பூ போடுவது என்று ஒவ்வொரு கட்டத்தையும் பேருந்துத் தரிப்பிடம் போல அறிவிப்பார். "அடுத்தது கொதிப்பு. இறங்கிற ஆக்கள் இறங்கலாம்." ஞானமலர் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் ஆளாக இறங்கிவிடுவார்.

குடிகாரர் என்று நினைத்துவிடக் கூடாது. அரைக் கிளாஸுக்கே மனிதருக்குக் காது சிவந்துவிடும். காய்ச்சுவதெல்லாம் வால்ட்டருக்காக. மகள் லவினியாவுக்கு வரப்போகும் மாப்பிள்ளையின் தகப்பனார் அவர். பியர் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆனியில் கலியாணம். மண்டபம், பாட்டு, கேக் எல்லாமே அவர்கள் ஏற்பாடு. "பொம்பிளைப் பகுதி கையை வீசிக்கொண்டு போறதோ?" என்று ரோசப்பட்ட றெஜினோல்ட், மேசைக்குத் தன் கையால் காய்ச்சிய பியர் வரும் என்று சபையில் வாய்விட்டுவிட்டார். முதலில் தான் குடித்துப் பார்க்கவேண்டும் என்றார் வால்ட்டர்.

அங்கேதான் சிக்கல். சென்ற வருடத்துப் பியரைக் குடித்துவிட்டு வால்ட்டர் சொன்ன ஒரே சொல் "இன்டெறெஸ்ஸன்ட்". சுவாரசியம் என்று பொருள். வாயில் வைக்க முடியாததற்கு ஜெர்மன்காரர் கொடுக்கும் மரியாதைப் பெயர் அது. நினைத்தால் றெஜினோல்டுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. மரநீர் புளித்துப்போனதுதான் அன்றைய பிழை என்று கண்டுபிடித்து, இம்முறை அதற்கு மருந்தும் செய்திருந்தார்.

அந்த மருந்தை ஞானமலர் குப்பைத்தொட்டியில் கண்டெடுத்தார். தமிழ்க்கடைச் சுண்ணாம்பு டப்பாக்கள், எல்லாம் காலி.

"இதென்ன, வெத்திலை போடத் துவங்கிட்டியளோ?"

"மரநீர் பிடிக்கிற வாளிக்குப் பூசினனான். நீர் புளிக்கக் கூடாதெல்லே."

"ஐயோ, அது புளிக்காத இனிப்புக் கருப்பணிக்கெல்லோ பூசுறது! கள்ளு முட்டிக்கு ஆர் பூசுவினம்? நுரைச்சு வரவேண்டியதை நீங்களே வாயைக் கட்டிப்போட்டு, பிறகு காதை வச்சுக் கேக்கிறியள்."

யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரையில் பிறந்த றெஜினோல்டுக்குப் பனையோடு தூரத்துப் பழக்கம்தான். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது என்ற பாதி மட்டும் தெரியும். புளிக்காவிட்டால் கள்ளும் இல்லை என்ற மிச்சப் பாதி அவருடைய காதுக்கு வந்து சேரவில்லை. மரமோ துளிர்த்துவிட்டது, இனி நீர் இறங்காது.

"கடைப் பியரை வாங்கி ஊத்திவிடுங்கோ," என்றார் ஞானமலர் இரங்கி.

"ஏலாது. பொய்யை ஊத்திக் குடுத்து என்ர பிள்ளையை அந்த வீட்டை அனுப்பமாட்டன்."

ஞாயிற்றுக்கிழமை வால்ட்டர் வந்தார். பின்வளவில் மேசை போட்டு, இரண்டு கிளாஸில் ஊற்றினார் றெஜினோல்ட். நுரை பேருக்கும் எழவில்லை. வால்ட்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், ஒரு வாய் எடுத்தார், வெகுநேரம் விழுங்காமல் வைத்திருந்தார். இன்டெறெஸ்ஸன்ட் என்றுகூடச் சொல்லவில்லை.

கடிக்க ரோல்ஸ் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்த றெஜினோல்ட் தன் கிளாஸையும் கொண்டுபோனார். உள்ளே போய் ஞானமலரிடம் ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்டு, பக்கக் கதவால் வெளியேறி, மேப்பிள் மரத்துக்குப் பின்னால் ஒளித்து நின்று அதை வேரடியில் கவிழ்த்தார். நிமிர்ந்தால், மரத்தின் மறுபக்கம் வால்ட்டர் நிற்கிறார். அவருடைய கிளாஸிலிருந்தும் கடைசித் துளி வேரில் விழுந்துகொண்டிருந்தது.

இருவருக்கும் முகம் சிவந்துபோயிற்று. ஒளிக்க இனி என்ன இருக்கிறது? தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சுண்ணாம்புக் கதை முழுவதையும் சொல்லி முடித்தார் றெஜினோல்ட்.

"கடையில் மேப்பிள் பாகு கிடைக்கும். தண்ணீரில் கரைத்தால் மரநீராகிவிடும். கலியாணத்துக்கும் இன்னும் நாள் இருக்கிறது," என்றார் வால்ட்டர்.

பிறகு மேற்சட்டையைக் கழற்றிக் கிளையில் கொழுவினார். மரத்தடியில் கிடந்த வாளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.