ராமசாமி பேர் வருகிற அடி

செகந்திராபாத் மெட்டுகுடாவில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்றுதான் இதை எழுதுகிறவன் கனகமணியை முதலில் பார்த்தது. நாலு பேர் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு படியேற, கீழே நின்று ஒரு அம்மா அடி எடுத்துக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தார். குறுக்கே நுழையப் போனவனைப் பாட்டை நிறுத்தாமலே சுவரோரம் தள்ளினார். பீரோ மாடியில் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு.

"பாட்டு நின்னா பாரம் விழும் தம்பி. படிச்சவரு மாதிரி இருக்கீரு, ஓரமா நிக்கத் தெரியாதாக்கும்?"

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். செகந்திராபாத் வந்து மூன்று தலைமுறை ஆயிற்று. கணவர் தனசிங் ரயில்வே லைன் வேலைக்காரர். இருபுறமும் ஆட்கள் நின்று இடுக்கியால் தண்டவாளத்தைக் கவ்வித் தூக்குவார்கள். தனசிங் ஒரு அடி பாடுவார், கூட்டம் பதில் சொல்லி ஒரு எட்டு வைக்கும். அடிகளின் வரிசை மாறக்கூடாது. பாடிய அடியையே திரும்பப் பாடினால் 'இறக்கு' என்று அர்த்தம்.

தனசிங் வளைவில் ரயில் மோதிச் செத்தார். அவருடைய கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதி முடித்துவிட்டார்கள். கூட இருந்தவர்கள் வாக்குமூலம் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் பாட்டின் கடைசியில் சில அடிகளைச் சேர்த்துவிட்டார்கள். கருணை அடிப்படையில் அதே வேலைக்குச் சேர்ந்த கனகமணி, அந்த அடிகளோடுதான் பாட்டைக் கையில் எடுத்தார். போன வருஷம் ஓய்வு பெறும்வரை ஆட்களோடு லைனில் இருக்கும்போது பாடுவார். அந்தப் பக்கம் ராமசுவாமி வந்தால் அந்த அடிகளுக்கு முன்னமே இறக்கிவிடுவார்.

ராமசுவாமி, தனசிங் செத்த அன்றைக்குக் கூட்டத்தின் மேஸ்திரி. இன்றைக்கு சூப்பர்வைசர். கனகமணியின் ஒரே மகன் பிளஸ்ஸனும் பரீட்சை எழுதி அதே லைன் வேலைக்கு வந்திருந்தான். அவனுக்கு எங்கே வேலை என்று தினமும் சொல்கிறவர் ராமசுவாமிதான்.

பக்கத்துத் தார்நாகாவிலிருந்து ரோகிணி என்றொரு பெண் வந்தாள். உழைக்கிறவர்களின் பாட்டுகளைத் தேடித் தேடிப் பதிவு செய்கிறவள். பழைய ஆட்கள் நிஜத் தண்டவாளத்தைத் தூக்கிப் பாட வேண்டும், அப்போதுதான் மூச்சு சரியாக விழும் என்றாள். கனகமணிக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ராமசுவாமி வீடு தேடி வரும்வரைதான்.

"பாட்டுப் பதிவாமே கனகம். நல்ல காரியம். நம்ம ஜனங்க பாட்டு அழியக்கூடாது பாத்துக்கோ." தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். "பிளஸ்ஸனை வளைவுக்குப் போடுன்னு மேலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான்தான் தடுத்து வச்சிருக்கேன். ஒத்தப் புள்ளையில்லா."

"ஹவ் அண்ணாச்சி, ஆமா," என்றார் கனகமணி. டம்ளரை வாங்கிக் கழுவப் போனார்.

பிளஸ்ஸனுக்கு இது தெரிந்ததும் கொதித்தான். "கைக்கு டரனா மம்மி? எதுக்குப் பயப்படணும்? டாடி பேரு இருக்கிறது அந்தப் பாட்டுல மட்டும்தானே?"

"நக்கோ, வேண்டாம். நீ வாயை மூடு."

பதிவு நாளன்று ரோகிணியிடம், "வெயிலைப் பத்தி, குழம்பைப் பத்தி, மீசையைப் பத்தின்னு மூணு கட்டுப் பாட்டுதாம்மா. அதுக்கு மேல பாட்டு கிடையாது" என்று பொய் சொன்னார். மூன்று கட்டில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது அவர் காலுக்கே தெரியும். வேப்பமரத்தடியில் தூக்கி, திறந்த சாக்கடையைத் தாண்டி, சுவரோரம் இறக்க வேண்டும். சரியாக வரும்.

ராமசுவாமி வந்து முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பழைய ஆட்கள் எட்டு பேர் தூக்கினார்கள். வெயில் போயிற்று. குழம்பு போயிற்று. முன்னால் பிடித்திருந்த நூர் முகமது மீசைக் கட்டுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அப்போதுதான் கனகமணி கவனித்தார். வயதான ஆட்களின் எட்டு பாதி எட்டாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. அவர் கணக்குப் போட்டது வாலிபக் கால்களுக்கு. மூன்றாம் கட்டின் கடைசி அடியில் நூர் முகமது சாக்கடைக்கு அந்தப் பக்கமும் மற்றவர்கள் இந்தப் பக்கமுமாக நின்றார்கள். பாடிய அடிக்குத் திரும்பினால் இறக்கிவிடுவார்கள், யாருக்காவது கால் போகும். நிறுத்தினாலும் அதேதான். இல்லாத அடியைக் கட்டிப் பாடினால் பதில் வராது. பதில் வராமல் எட்டு நகராது.

கழுத்து நரம்பு புடைக்க எட்டு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"வளைவுக்குள்ளே போனது யாரு?"

"ஐலசா தனசிங்கு."

"செங்கொடியைக் காட்டுனது யாரு?"

"ஐலசா காட்டலையே."

"கொடிக்காரனைக் கடைக்கு அனுப்பி சிகரெட்டு கேட்டது யாரு?"

"ஐலசா ராமசாமி."

தண்டவாளம் சாக்கடையைத் தாண்டியது. கனகமணி அந்த அடியையே இரண்டாம் தரம் பாடினார். சுவரோரம் பூப்போல இறக்கினார்கள். ரோகிணி கருவியை நிறுத்தினாள்.

ராமசுவாமி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "குரல் அப்படியே இருக்கு கனகம்," என்றார். போகிற வழியில் பிளஸ்ஸனின் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

மறுநாளே பிளஸ்ஸனின் வேலை மாறிவிட்டது. துணையாள் கொடுப்பதாகச் சொன்னார்கள், இன்னும் கொடுக்கவில்லை.

பதிவு தார்நாகாவில் ரோகிணியிடம் முழுசாக இருக்கிறது. எதையாவது வெட்டட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று கனகமணி சொல்லிவிட்டார். அவர் இப்போதும் மெட்டுகுடாவில்தான் இருக்கிறார். பிளஸ்ஸன் வளைவில் தனியாக வேலை பார்க்கிறான்.